வெட்டிய காட்டுக்கு ஈடில்லை

பத்து மரம் வெட்டினால் நூறு கன்று நட்டுவிடலாம், கணக்கு நேராகிவிடும். கடம்பத்தூரிலிருந்து கும்மிடிப்பூண்டி வரை, சாலைக்காகப் புளியமரம் சாயும்போதும் ஆலைக்காகப் புறம்போக்கு கைமாறும்போதும் காதில் விழுவது இந்தப் பேச்சுதான். பள்ளியில் கன்று நடும் பிள்ளைகள் இதை நம்புகிறார்கள். கோப்பில் கையெழுத்திடும் அதிகாரியும் நம்புகிறார். 2030க்குள் கூடுதல் காடுகளாலும் மரங்களாலும் 250 முதல் 300 கோடி டன் கரியமில வாயுவை ஈர்ப்போம் என்று 2015இல் இந்தியா உலகுக்குக் கொடுத்த வாக்குறுதிக்குப் பின்னாலும் இதே நம்பிக்கை இருக்கிறது. இது தவறான நம்பிக்கை. இதற்கு நம் திருவள்ளூர் மாவட்டம் ஏற்கெனவே விலை கொடுத்திருக்கிறது.

கும்மிடிப்பூண்டி வட்டத்துத் தேர்வாய் கண்டிகையில் பெரும்பாலும் தலித் குடும்பங்களும் இருளர்களும் வாழ்கிறார்கள். ஊரை ஒட்டிய ஏறத்தாழ 1,100 ஏக்கர் நிலம் அரசுப் பதிவேட்டில் மேய்க்கால் புறம்போக்கு. ஊராருக்கு அது காடு. ஆடுமாடு மேய்ந்தது அங்கே, விறகும் பழமும் மூலிகையும் எடுத்தது அங்கே. பெய்த மழை அந்த மேட்டிலிருந்துதான் ஏரிக்கு இறங்கியது. சிப்காட் தொழிற்பேட்டைக்கு அந்த நிலம் எடுக்கப்பட்டபோது ஊரே திரண்டு போராடியது. அதை மீறி மரங்கள் வெட்டப்பட்டன. 2009இல் தமிழக அரசோடு ஒப்பந்தம் போட்ட பிரான்ஸ் நாட்டு மிஷெலின் நிறுவனத்தின் டயர் ஆலை அங்கே எழுந்தது. 2012இல் ஊர்ச் சங்கமும் துணைநின்ற அமைப்புகளும், ஓஇசிடி என்னும் பொருளாதாரக் கூட்டுறவு அமைப்பு பன்னாட்டு நிறுவனங்களுக்கு வகுத்த நெறிமுறைகளின்படி பிரான்ஸிலேயே புகார் கொடுத்தன. காடு திரும்பவில்லை.

வேறு ஊரில் எத்தனை ஆயிரம் கன்று நட்டாலும் தேர்வாய் ஏரிக்கு ஒரு சொட்டுத் தண்ணீர் வராது. எனக்கு ஆறவே ஆறாத விஷயம் இது. 2020இல் கண்ணன்கோட்டை, தேர்வாய் கண்டிகை ஏரிகளை இணைத்து, சென்னைக் குடிநீருக்காக அரை டிஎம்சி கொள்ளும் நீர்த்தேக்கத்தைத் திறந்தார்கள். ஏரியின் அருமை தெரிந்தவர்கள், ஏரிக்கு நீர் விட்ட மேட்டின் அருமையையும் அறிந்திருக்க வேண்டும்.

கோளாறு கணக்கிடும் முறையிலேயே இருக்கிறது. இந்திய வன அளவை நிறுவனம், ஒரு ஹெக்டேருக்குக் குறையாத நிலத்தில் பத்து சதவீதம் மரக்கவிகை இருந்தால் அதைக் காட்டுப்பரப்பு என்று எழுதிக்கொள்கிறது. யார் நிலம், என்ன மரம் என்ற கேள்வி கிடையாது. பட்டா நிலத்துச் சவுக்குத் தோப்பும் மாந்தோப்பும் காட்டுக் கணக்கில் ஏறிவிடும். அந்தச் சவுக்கு நான்கைந்து வருடத்தில் காகித ஆலைக்கும் சாரக் கம்புக்கும் போய்விடும். காரையும் சூரையும் களாவும் மண்டிய நம் முட்காடு கவிகை குறைவாக இருந்தால் வெறும் புதர். புதரைத் தரிசு என்பார்கள். தரிசென்று பெயர் விழுந்ததும் கன்று நடுபவரும் ஆலை கட்டுபவரும் வந்து நிற்பார்கள்.

நட்டதாவது நிற்கிறதா? காட்டை எடுப்பவர்கள் ஈடாகக் காடல்லாத நிலம் தர வேண்டும், அதில் மரம் வளர்க்க வேண்டும் என்பது விதி. 2006 முதல் 2012 வரை தந்திருக்க வேண்டிய நிலத்தில் 27 சதவீதம்தான் கிடைத்தது, மரம் வளர்த்ததோ 7 சதவீதத்தில்தான் என்று 2013இல் தலைமைக் கணக்குத் தணிக்கையர் அறிக்கை சொன்னது. அதற்குப் பிறகும் பாடம் படிக்கவில்லை. 2016இல் ஈடுசெய் காடுவளர்ப்பு நிதிச் சட்டம் வந்தது. 2019இல் 47,000 கோடி ரூபாய்க்கு மேல் மாநிலங்களுக்குப் போனது. இமாசலப் பிரதேசத்துக் காங்ரா மாவட்டத்தில் அரசு பல பத்தாண்டுகளாக நட்டதை ஆராய்ந்தவர்கள், மரக்கவிகை குறிப்பிடும்படி கூடவில்லை என்று 2021இல் எழுதினார்கள்.

வெளிநாட்டுப் பணமும் நமக்குப் புதிதில்லை. 1981இல் ஸ்வீடன் உதவியோடு தொடங்கிய சமூகக் காடு திட்டம் ஏரிகளுக்குள் கருவேலத்தை நிரப்பியது. விறகு கிடைத்தது, ஊராட்சிக்குக் காசு வந்தது. தண்ணீர் நிற்க வேண்டிய இடத்தில் தோப்பு நின்றது. 1997இல் ஜப்பான் கடனில் வந்த காடுவளர்ப்புத் திட்டம் கிராம வனக் குழுக்களையும் தடுப்பணைகளையும் கொண்டுவந்தது. அந்தப் பகுதி நல்லது, மறுக்க மாட்டேன். 2022இல் தொடங்கிய பசுமைத் தமிழ்நாடு இயக்கத்தின் இலக்கோ மீண்டும் சதவீதம்தான்: பத்தாண்டில் மாநிலப் பரப்பில் 33 சதவீதம் காடும் மரமும்.

ஆராய்ச்சியும் நட்டு வெட்டும் மரத்தின் பக்கமே சாய்கிறது. கோவையிலுள்ள வன மரபியல் மற்றும் மரப்பெருக்கு நிறுவனம் விரைவாக வளரும் சவுக்கு, தைல மர வகைகளைத் தந்திருக்கிறது. உழவருக்கு அது வருமானம், நல்ல வேலை. அதைக் காடு என்று சொல்லாதவரை எனக்குச் சண்டையில்லை. நம் கடலோரத்துக்கே உரிய உலர் பசுமைமாறாக் காட்டில் பாலையும் வீரையும் ஆமை வேகத்தில் வளரும். பழவேற்காடு ஏரிக்கு அக்கரையில் ஸ்ரீஹரிகோட்டாவில் அது இன்னும் நிற்கிறது. அதன் மண்ணில் எவ்வளவு கரி தங்குகிறது, எவ்வளவு நீர் இறங்குகிறது என்று அளக்கவும் அதே ஆர்வத்தோடு பணம் ஒதுக்க வேண்டும்.

தொழிற்சாலை வேண்டாமா, பிள்ளைகளுக்கு வேலை வேண்டாமா என்று கேட்பார்கள். வேண்டும். ஆலைக்கான இடத்தைத் தேர்ந்தெடுக்கும் முன் அந்த நிலம் எந்த ஏரிக்கு நீர் விடுகிறது, யார் அதில் பிழைக்கிறார்கள் என்று கிராம சபையில் கேட்டுப் பதிவு செய்யட்டும். கடம்பத்தூர் ஒன்றியத்தின் ஒவ்வொரு மேய்க்கால் புறம்போக்குக்கும் அப்படி ஒரு பதிவு இப்போதே வேண்டும். கன்று நட்ட அன்றே பணம் கொடுப்பதை நிறுத்தி, மூன்றாவது கோடையிலும் உயிரோடு நிற்கும் மரத்தை எண்ணிக் கொடுக்கட்டும். எண்ணும் வேலையை அந்த ஊர்க்காரர்களிடமே, கூலியோடு, ஒப்படைக்கட்டும்.