ஒரே நாளில் இரண்டு மூடல்கள்

2024 செப்டம்பர் 30 அன்று பிரிட்டனில் இரண்டு ஆலைகளில் நெருப்பு அணைந்தது. நாட்டிங்ஹாம்ஷயரில் ராட்கிளிஃப்-ஆன்-சோர் அனல் மின் நிலையம் மூடப்பட்டது. லண்டனின் ஹோல்பர்ன் வயாடக்டில் 1882-இல் தொடங்கிய நிலக்கரி மின்சாரம், 142 ஆண்டுகளுக்குப் பின் அந்நாட்டில் முடிவுக்கு வந்தது. அதே நாளில் வேல்ஸின் போர்ட் டால்பட்டில் டாடா ஸ்டீல் தன் கடைசி ஊதுலையை நிறுத்தியது. முதல் செய்தி உலகெங்கும் வரவேற்கப்பட்டது. இரண்டாவதன் பின்னணியில், பிரிட்டன் முழுவதும் சுமார் 2,800 வேலைகள் போகும் என்ற அறிவிப்பு இருந்தது.

தேசிய உமிழ்வுக் கணக்கில் இரண்டுமே குறைவு என்றுதான் பதிவாகும். ஆனால் இவை ஒரே வகைக் குறைவு அல்ல.

மின்துறையில் நடந்தது உண்மையான மாற்றம். 2012-இல் பிரிட்டன் மின்சாரத்தில் சுமார் 40 சதவீதம் நிலக்கரியிலிருந்து வந்தது. 2008-இன் காலநிலை மாற்றச் சட்டம் இலக்கைச் சட்டமாக்கியது. 2013-இல் வந்த கார்பன் அடிமட்ட விலை நிலக்கரியை எரிவாயுவிடம் தோற்க வைத்தது. கடல் காற்றாலைகள் மிச்ச இடத்தைப் பிடித்தன. பன்னிரண்டே ஆண்டுகளில் நிலக்கரியின் பங்கு பூஜ்யமானது. பொருளாதாரம் அதனால் நின்றுவிடவில்லை.

எஃகின் கதை வேறு. ஊதுலை நின்றதால் பிரிட்டனின் எஃகுத் தேவை நின்றுவிடாது. ஊதுலைக்குப் பதிலாக வரவிருக்கும் மின்வில் உலை தயாராகும் வரை இந்தியாவிலிருந்தும் நெதர்லாந்திலிருந்தும் எஃகுப் பாளங்களை இறக்குமதி செய்வதே நிறுவனத்தின் திட்டம். இந்தியாவில் வார்க்கப்படும் பாளத்தின் உமிழ்வு இந்தியாவின் கணக்கில் ஏறும். அதைச் சுமந்து செல்லும் கப்பலின் புகையோ எந்த நாட்டின் மொத்தக் கணக்கிலும் சேராது. உள்ளூர்ப் பழைய இரும்பை மின்வில் உலை உருக்கத் தொடங்கும்போதுதான் இந்தக் குறைவு மெய்யாகும்.

1990-க்கும் 2023-க்கும் இடையே பிரிட்டனின் பொருளாதாரம் சுமார் 80 சதவீதம் வளர்ந்தது. எல்லைக்குள் வெளியான பசுமை இல்ல வாயுக்கள் பாதியாகக் குறைந்தன. வளர்ச்சியையும் உமிழ்வையும் பிரிக்க முடியும் என்பதற்கு அடிக்கடி காட்டப்படும் சான்று இது. ஆனால் இறக்குமதிப் பொருள்களையும் சேர்க்கும் நுகர்வுக் கணக்கு, தொண்ணூறுகளின் நடுவிலிருந்து 2007-ஐ ஒட்டிய ஆண்டுகள் வரை ஏறிக்கொண்டே போனது. அதன் பிறகே அதுவும் இறங்கத் தொடங்கியது. ஆகவே பிரிவு நிகழ்ந்திருக்கிறது. பறைசாற்றப்படும் அளவுக்கோ அவ்வளவு முன்பாகவோ அல்ல.

இது நம் நாட்டுக்கும் பொருந்தும். 2005-ஐ ஒப்பிட்டு, உற்பத்தி அலகுக்கான உமிழ்வை 2030-க்குள் 45 சதவீதம் குறைப்பதாக இந்தியா உறுதியளித்திருக்கிறது. உற்பத்தி வேகமாக வளரும்போது இந்த விகிதம் இறங்கினாலும் மொத்த உமிழ்வு ஏறலாம். வளரும் நாட்டுக்கு இது நியாயமான இலக்குதான். ஆனால் விகிதம் குறைந்ததையே உமிழ்வு குறைந்ததாக எழுதும் ஆய்வுகளை ஏற்க முடியாது. ஏற்றுமதிக்காக உருகும் எஃகின் புகையைத் தனியாகக் காட்டாத கணக்கும் இந்தியாவுக்கு நீதி செய்யாது.

இனி இந்த இதழுக்குக் கட்டுரை அனுப்பும் ஆய்வாளர்கள் எல்லைக் கணக்கையும் நுகர்வுக் கணக்கையும் ஒரே அட்டவணையில் தர வேண்டும். குறைந்த உமிழ்வில் எரிபொருள் மாற்றத்தால் வந்தது எவ்வளவு, உற்பத்தி இடம் பெயர்ந்ததால் வந்தது எவ்வளவு என்று துறைவாரியாகப் பிரித்துக் காட்டுமாறும் ஆசிரியர் குழு கேட்டுக்கொள்கிறது.