பட்டினி மருந்தாகாத பிராணி

வயிறு மந்தமாயிருந்தால் ஒரு வேளை உணவை விட்டுவிடு என்பது நம் வீடுகளில் வழிவழியாக வந்த வைத்தியம். "லங்கணம் பரம ஔஷதம்" என்று சொல்லிக்கொண்டே கொத்தமல்லித் தண்ணீரோடு நம்மைப் படுக்க வைத்த பாட்டிமார் எத்தனை பேர்! காய்ச்சற்காரனுக்கும், கலியாண வீட்டில் அளவு மீறி உண்டவனுக்கும் அது நன்மை செய்ததை நாம் கண்டிருக்கிறோம். நாயும் பூனையுங்கூட உடம்பு சரியில்லாதபோது புல்லைக் கடித்துவிட்டு ஒரு மூலையிற் சுருண்டு கிடந்து, மறுநாள் ஒன்றும் நடவாததுபோல எழுந்து வருகின்றன. ஆகவே, உண்ண மறுக்கும் பிராணியைத் தொல்லைப்படுத்தாமல் விட்டுவிடுவதே நல்லது என்ற எண்ணம் நமக்கும் இருந்தது. அந்த எண்ணம் சென்ற ஆண்டு ஓர் உயிரைக் கொண்டுபோயிற்று. அதைச் சொல்லவே இவ்வாரம் இப்பத்தியை எடுத்துக்கொண்டோம்.

கொட்டாஞ்சேனையில் வசிக்கும் நம் தங்கையின் மகளுக்குப் பத்தாவது பிறந்தநாளன்று இரண்டு கினிப்பன்றிகள் பரிசாகக் கிடைத்தன. வெள்ளையாயிருந்ததற்குப் பஞ்சு என்றும், கறுப்புங் கபிலமுமாயிருந்ததற்கு மிளகு என்றும் அவளே பெயரிட்டாள். இப்பிராணிக்கு உலகம் இட்டிருக்கும் பெயரோ விநோதமானது. இது கினி நாட்டிலிருந்து வந்ததுமன்று, பன்றியினத்தைச் சேர்ந்ததுமன்று. தென்னமெரிக்காவின் அந்தீஸ் மலைப் பிரதேசத்து மக்கள் சில ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே உணவுக்காக வளர்க்கத் தொடங்கிய கொறிவிலங்கு இது. தமிழகராதி இதனைச் 'சீமைப்பெருச்சாளி' என்கிறது. அப்பெயரை ஒரு நாள் மருமகளிடம் சொல்லிப் பார்த்தோம். இரண்டு நாள் அவள் நம்மோடு பேசவில்லை.

சித்திரை மாதத்து வெள்ளிக்கிழமை ஒன்றில், மாலை விளக்கேற்றும் நேரம், வெள்ளவத்தையிலுள்ள நம் வீட்டுக்கு அவளிடமிருந்து தொலைபேசி வந்தது.

"மாமா, பஞ்சு காலைமை தொடக்கம் ஒண்டும் தின்னேல்லை. கரட்டை மணந்து பாத்திட்டுத் திரும்பிப் படுக்குது."

பின்னால் நம் தாயாரின் குரல் கேட்டது. "வெயிலுக்கு வயிறு சரியில்லைப் போல. ஒரு நாளைக்குப் பேசாமல் விடு பிள்ளை."

"அம்மம்மா சொல்வது சரிதான். நாளைக்குத் தானாகத் தின்னும்" என்று நாமும் சொல்லிவிட்டுப் பத்திரிகையைக் கையில் எடுத்தோம். சனிக்கிழமை முழுவதும் பஞ்சு மூலையில் உடலை உப்பிக்கொண்டு அமர்ந்திருந்ததாம். ஞாயிறு விடியற்காலை கூட்டிலே விறைத்துக் கிடந்தது. நாம் போய்ச் சேர்ந்தபோது மருமகள் அழுது முடித்திருந்தாள். "நீங்கள்தானே மாமா விடச் சொன்னனீங்கள்?" என்று கேட்டாள். குற்றஞ்சாட்டும் குரலில் அவள் அதைக் கேட்கவில்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ள விரும்பிக் கேட்டாள். அதற்கு விடை தேடியே நாம் பின்னர் நூல்களைப் புரட்டலானோம்.

கினிப்பன்றி இடைவிடாது உண்ணும்படி அமைந்த பிராணி. அது மெல்லும் புல்லின் நாரைப் பெருங்குடலின் தொடக்கத்திலுள்ள பெரும் பையொன்றில் வாழும் நுண்ணுயிர்களே புளிக்கவைத்துச் சத்தாக மாற்றுகின்றன. மேலிருந்து புல் வந்துகொண்டேயிருந்தாற்றான் அந்தக் குடல் அசையும். வரவு நின்றால் அசைவு நிற்கும். அசைவு நின்றால் வாயு திரளும். நல்ல நுண்ணுயிர்கள் மடிந்து தீயவை பெருகும். மனிதரைப்போல வாந்தியெடுத்துத் தப்பிக்கொள்ளவும் இதனால் இயலாது. பசியால் உடலிலுள்ள கொழுப்பு கரைந்து ஈரலிற் போய்ப் படிந்து அதையும் கெடுக்கிறது. எனவே, என்ன நோயினால் உணவை விட்டதோ அந்நோய் கொல்வதற்கு முன்னரே பட்டினி கொன்றுவிடுகிறது. பன்னிரண்டு மணி நேரம் ஒன்றும் உண்ணாதிருந்தாலே ஆபத்து. ஒரு முழு நாளென்றால் உடனடியாக வைத்தியரிடம் எடுத்தோட வேண்டிய நிலை.

இன்னுமொன்று. பிற விலங்குகளுக்கு இரையாகும் பிராணியாதலால், நோயை மறைப்பது இதன் இயல்பு. நொண்டினாலும் முனகினாலும் பருந்தின் கண்ணிற் படும் என்ற அச்சம் அந்தீஸ் மலையிலிருந்து கொட்டாஞ்சேனை மாடிவரை அதைத் தொடர்ந்து வந்திருக்கிறது. நாம் கவனிக்கும் நாள் பெரும்பாலும் நோயின் முதல் நாளாயிராது. ஆகையால் கண்ணை நம்புவதைவிடத் தராசை நம்புவது மேல். வளர்ந்த கினிப்பன்றி 700 கிராம் முதல் 1,200 கிராம் வரை இருக்கும். வாரமொரு முறை சமையலறைத் தராசில் நிறுத்துக் குறித்து வந்தால், வாய் சொல்லாததை எண் சொல்லிவிடும்.

பஞ்சு ஏன் உணவை விட்டது? இதை எழுதும்போது நமக்கு வெட்கமாயிருக்கிறது. நாம் கல்லூரியில் இரசாயனங் கற்பிப்பவர். விற்றமின் 'சி'யின் வரலாற்றை ஆண்டுதோறும் மாணவருக்குச் சொல்லி வருபவர். அவ்வரலாற்றின் நாயகனே கினிப்பன்றி! யாவாத் தீவில் ஐக்மன் என்ற ஒல்லாந்த வைத்தியர், தீட்டிய அரிசியை உண்ட கோழிகளுக்கு பெரிபெரி போன்ற நோய் வருவதைக் கண்டிருந்தார். அந்நோயைப் பாலூட்டி ஒன்றில் உண்டாக்கிப் பார்க்க விரும்பிய நோர்வே நாட்டு ஹோல்ஸ்ட், ஃப்ரோலிக் என்ற இருவரும் கினிப்பன்றிகளுக்கு வெறுந்தானியமும் ரொட்டியும் கொடுத்தனர். வந்ததோ பெரிபெரியன்று, கப்பலோட்டிகளை வாட்டிய ஸ்கேவி நோய். 1907ஆம் ஆண்டு அதை வெளியிட்டனர். பெரும்பாலான விலங்குகள் விற்றமின் 'சி'யைத் தம் உடலிலேயே ஆக்கிக்கொள்கின்றன. நம்மாலும் இயலாது, கினிப்பன்றியாலும் இயலாது. பின்னர் ஹங்கேரியரான சென்ட் ஜியோர்ஜி தம் நாட்டு மிளகாய்ப் பழங்களிலிருந்து அந்த விற்றமினைப் பெருமளவிற் பிரித்தெடுத்தார். 1937இல் நோபல் பரிசும் பெற்றார்.

இத்தனையையும் கரும்பலகையில் எழுதிய நாம், நம் தங்கை வீட்டுக் கூட்டினுள் எட்டிப் பார்க்கவில்லை. பஞ்சு உண்டு வந்தது முயலுக்கான உருண்டைத் தீனியும், பாணும், மிஞ்சிய சோறும். முயல் தன் விற்றமினைத் தானே ஆக்கிக்கொள்வதால் அதன் தீனியில் அது சேர்க்கப்படுவதில்லை. சில வாரங்களாகவே பஞ்சு பின்கால்களை இழுத்து நடந்ததும், தூக்கினாற் கீச்சிட்டதும், மயிர் சிலிர்த்துப் பொலிவிழந்திருந்ததும் பின்னரே நினைவுக்கு வந்தன. 'கூச்ச சுபாவம்' என்று அப்போது சிரித்தோம். ஹோல்ஸ்ட் செய்த பரிசோதனையை நாம் அறியாமலே மீண்டும் செய்திருக்கிறோம் என்பதுதான் உண்மை போலும்.

அன்றிலிருந்து மிளகுக்குக் கறிமிளகாய்த் துண்டும் கொய்யாக்காயும் நாள்தோறும் கிடைத்தன. நலமாயுள்ள கினிப்பன்றிக்கு நாளொன்றுக்கு உடல் நிறை கிலோவுக்குச் சுமார் 10 மில்லிகிராம் விற்றமின் 'சி' வேண்டும். நோயுற்றதற்கும் சினைப்பட்டதற்கும் 30 மில்லிகிராம். தண்ணீர்ப் போத்தலிற் கரைத்து வைப்பதிற் பயனில்லை. சில மணி நேரத்தில் அது சிதைந்து போகிறது. வெயில் தாக்கும் தகரக் கூரையின் கீழிருந்த கூட்டையும் உள்ளறைக்கு மாற்றினோம். 18 முதல் 24 பாகை செல்சியஸ் வரையே இதற்கு உகந்தது. கொழும்பு மதியமோ 30ஐத் தாண்டுகிறது.

இவ்வளவு செய்தும் ஐப்பசி மழையில் ஒரு நாள் இரவு எட்டு மணிக்கு மீண்டும் தொலைபேசி ஒலித்தது. "மாமா, மிளகு தின்னேல்லை." இம்முறை பத்திரிகையை எடுக்கவில்லை. முச்சக்கர வண்டியொன்றைப் பிடித்துக் காலி வீதி வழியாகக் கொட்டாஞ்சேனைக்கு விரைந்தோம்.

மிளகின் நிலை வேறுவிதமாயிருந்தது. உணவைக் கண்டதும் ஆவலோடு வந்தது, வாயில் எடுத்தது, மெல்ல முயன்று கீழே போட்டது. தாடை ஈரமாயிருந்தது. உண்ண விருப்பமில்லாமையன்று, உண்ண இயலாமை. அப்படியாயின் பல்லைத்தான் ஐயுற வேண்டும். கினிப்பன்றியின் இருபது பற்களும் வாழ்நாள் முழுவதும் வளர்வன. புல்லை அரைத்து அரைத்தே அவை தேய வேண்டும். தேயாவிடிற் கீழ்க்கடைவாய்ப் பற்கள் உட்பக்கமாகச் சாய்ந்து வளர்ந்து, நாக்கின்மேற் பாலம்போல மூடிவிடும். முன்பற்களைப் பார்த்து இது தெரியாது.

வைத்தியரைக் காண விடியவேண்டும். அதுவரை குடலை நிற்கவிடக் கூடாது. முதலில் வயிற்றைத் தொட்டுப் பார்த்தோம். அது மேளம்போல உப்பி இறுகியிருந்தால் ஒன்றும் ஊட்டாமல் அந்த இரவிலேயே வைத்தியரைத் தேட வேண்டும். நல்லவேளை, மென்மையாகவே இருந்தது. நம் தாயாரிடம் தீனி உருண்டைகளை இளஞ்சூட்டு நீரில் ஊறவைத்துக் கூழாக்கித் தருமாறு கேட்டோம். "வருத்தக்காரச் சீவனுக்குச் சாப்பாடோ?" என்று ஒரு கணம் நம்மைப் பார்த்தார். பிறகு ஒன்றும் பேசாமல் எழுந்துபோய், தேயிலை வடியால் இருமுறை வடித்துக் கொண்டுவந்தார்.

ஊட்டும் முறையில் அவசரம் ஆகாது. பிராணியைத் துவாயிற் சுற்றி மடியில் நிமிர்த்தி அமர்த்த வேண்டும், மல்லாத்தக் கூடாது. ஊசி நீக்கிய ஒரு மில்லிலீற்றர் சிறிஞ்சை முன்பற்களுக்குப் பின்னால், வாயின் பக்கவாட்டிற் செலுத்தி, அரை மில்லிலீற்றருக்கு மேற்படாமல் விட்டு, மென்று விழுங்கும்வரை காத்திருக்க வேண்டும். வேகமாகத் தள்ளினால் கூழ் நுரையீரலுக்குட் போய்விடும். ஒரு கிலோ நிறையுள்ளதற்கு நாளொன்றுக்கு ஏறக்குறைய 50 மில்லிலீற்றர் என்ற கணக்கில், மூன்று நான்கு மணிக்கொரு முறை. முதல் தடவை நம் சட்டைக்குப் போனதே அதிகம். இரவு இரண்டு மணிக்கும் ஐந்து மணிக்கும் மருமகள் தானாகவே எழுந்து வந்தாள்.

விடிந்ததும் தங்கை குளிர்சாதனப் பெட்டியிலிருந்து ஒரு போத்தலை எடுத்தாள். பிள்ளையின் இருமலுக்கு வாங்கி மிஞ்சிய அமொக்சிசிலின் பாணி. "இதில் இரண்டு துளி விட்டாலென்ன, அண்ணா?" நாம் அதை வாங்கி அலுமாரியின் மேல் வைத்தோம். பெனிசிலின் வகை மருந்தை வாய்வழி கொடுத்தால் கினிப்பன்றியின் குடலிலுள்ள நல்ல நுண்ணுயிர்கள் அழிந்து, பெரும்பாலும் உயிரே போய்விடும். 1940ஆம் ஆண்டு மே 25ஆம் நாள் ஒக்ஸ்போர்டிலே புளோரியும் அவர் குழுவினரும் எட்டுச் சுண்டெலிகளுக்கு நோய்க்கிருமியை ஏற்றி, நான்குக்கு மட்டும் பெனிசிலின் கொடுத்தனர். மருந்து பெறாதவை மடிந்தபோதும் அந்த நான்கும் மறுநாள் உயிரோடிருந்தன. அன்று கூட்டிலே சுண்டெலிக்குப் பதிலாகக் கினிப்பன்றி இருந்திருந்தால், அம்மருந்தை நஞ்சென்று ஒதுக்கியிருக்கக் கூடும் என்று பிற்காலத்தார் பலர் எண்ணிப் பார்த்ததுண்டு.

நாய், பூனைகளைப் பார்க்கும் வைத்தியர் எல்லோரும் இச்சிற்றுயிரைப் பார்ப்பதில்லை. போகுமுன் தொலைபேசியிற் கேட்டுக்கொள்வது நன்று. நாம் கண்டவர் பொறுமைசாலி. சிறிது மயக்கங் கொடுத்து, விளக்கொளியில் வாயைத் திறந்து காட்டினார். இடப்பக்கக் கடைவாய்ப் பல்லின் முனை நாக்கைக் குத்திப் புண்ணாக்கியிருந்தது. முனையைத் தேய்த்து, நோவுக்கு மருந்தும் தந்து, "இனி உங்கள் கையில்தான் இருக்கிறது. தானாகத் தின்னும்வரை கூழை நிறுத்த வேண்டாம்" என்றார்.

அந்த நாட்களின் கணக்கு மருமகளின் அப்பியாசக் கொப்பியில் இருக்கிறது. முதல் நாள் 640 கிராம். மூன்றாம் நாள் 605. அன்று எச்சம் ஆறே ஆறு. அவற்றையும் எண்ணி எழுதியிருக்கிறாள். ஐந்தாம் நாள் 610. ஆறாம் நாள் எழுத்துப் பெரிதாக, "புல் தின்டது" என்று பிழையோடிருக்கிறது. நாம் திருத்தவில்லை.

அது கினிப்புல். வெள்ளவத்தையில் நம் வீட்டுக்கு அண்மையிலுள்ள வெறும் வளவொன்றில் ஆளுயரம் வளர்ந்து நிற்பது. புகையும் தூசும் படியும் வீதியோரத்திலும், நாய்கள் திரியுமிடத்திலும், களைநாசினி தெளித்தவிடத்திலும் வெட்டலாகாது. நன்றாகக் கழுவி நீரை உதறிக் கொடுக்க வேண்டும். இந்தப் புல்லாவது தன் பெயருக்கேற்ப ஆபிரிக்காவிலிருந்து வந்தது. கடல் கடந்த உலர்புல் பொதியை விலை கொடுத்து வாங்குவோர் வாங்கட்டும். பல்லைத் தேய்ப்பதற்கு நாள்தோறும் கிடைக்கும் புல்லே நமக்குப் போதும். சோறும் பாணும் தின்றால் பல் தேயாது.

இப்போது மிளகு தனியாக இருக்கிறது. கூட்டமாய் வாழும் இப்பிராணியைத் தனியே வளர்க்கலாகாதென்று சுவிற்சர்லாந்து 2008இல் விதியே செய்துவிட்டது. இன்னொன்றை வாங்கித் தரும்படி மருமகள் கேட்கிறாள். ஆணும் பெண்ணுமாய் அமைந்துவிட்டால் ஏறக்குறைய 68 நாளில் வீடு நிறைந்துவிடுமே என்று தங்கை தயங்குகிறாள். பேச்சு இன்னும் முடியவில்லை.

நம் தாயார் மட்டும் எதுவுஞ் சொல்வதில்லை. காலையில் மரக்கறி வாங்கி வந்ததும் கறிமிளகாய் ஒன்றைத் தனியே எடுத்துக் கழுவி, விதை நீக்கி, ஒரு சின்னத் தட்டில் வைக்கிறார். அத்தட்டு காலியாகும்வரை கூட்டின் அருகிலேயே அமர்ந்திருக்கிறார்.