வானத்தைத் திருத்த வருவோரும் வரலாற்றின் சாட்சியமும்

புவிப்பொறியியல் என்னும் சொல் இன்று விஞ்ஞானக் கழகங்களிலும் அரசாங்க மாநாடுகளிலும் அடிக்கடி ஒலிக்கின்றது. படைமண்டலத்திலே கந்தகத் துகள்களைப் பரப்பிச் சூரிய ஒளியின் ஒரு சிறு பகுதியைத் திருப்பி அனுப்பினால், வெப்பமேறிவரும் புவியைக் குளிரச் செய்யலாம் என்பதே இத்துறையின் பிரதான திட்டம். இதனை ஆதரிப்போரிற் சிலர் ஒரு நிபந்தனையுடனேயே விவாதத்துக்கு வருகின்றனர். இது முற்றிலும் புதியதொரு நுட்பப் பிரச்சினையாம்; பழைய கதைகளை இதற்குள் இழுத்தல் விஞ்ஞானத்துக்கு முரணாம். வரலாற்றைச் சாட்சிக் கூண்டில் ஏறவிடாத இவ்வழக்கின் தன்மையை நாம் சற்று ஆராய்தல் வேண்டும்.

முதலாவதாக, இது புதியதன்று. 1946ஆம் ஆண்டு அமெரிக்காவின் ஜெனரல் இலெக்ட்ரிக் கம்பனியின் ஆய்வுகூடத்தில், உலர்பனியைத் தூவி மேகத்திலே பனிப்பளிங்குகளை உண்டாக்கலாம் என்பது கண்டறியப்பட்டது. மறு ஆண்டு ஒக்டோபரில், இராணுவத்தின் துணையுடன், கடலை நோக்கி விலகிச் சென்றுகொண்டிருந்த சூறாவளி ஒன்றின்மீது உலர்பனி தூவப்பட்டது. அச்சூறாவளி திசைமாறி ஜோர்ஜியாக் கரையைத் தாக்கிற்று. நோபல் பரிசு பெற்ற இரசாயன அறிஞர் லாங்மியூர், அது தூவலின் விளைவே என்றார். வானிலை அறிஞர் பலர் மறுத்தனர். இயற்கை செய்ததெது, மனிதன் செய்ததெது என்று பிரித்துக் காட்ட முடியாதவிடத்து, பாதிக்கப்பட்டவன் எந்த நீதிமன்றத்தில் முறையிடுவான்? அதிகாரம் ஒருவன் கையில். பொறுப்போ எவன் தலையிலும் இல்லை. இவ்வினா அன்று தொட்டு இன்றுவரை விடையின்றியே கிடக்கின்றது.

இரண்டாவது சாட்சி இன்னும் கொடியது. 1967 முதல் 1972 வரை அமெரிக்க விமானங்கள், பெரும்பாலும் லாவோஸ் நாட்டின் வானத்திலே, 2,600க்கு மேற்பட்ட தடவைகள் பறந்து வெள்ளி அயடைட்டைத் தூவின. பருவமழைக் காலத்தை நீட்டி, ஹோசிமின் பாதையைச் சேறாக்குவதே நோக்கம். உழவனுக்கு உயிரூட்டும் மழை ஏகாதிபத்தியத்தின் ஆயுதமாயிற்று. அம்மக்களிடம் எவரும் அனுமதி கேட்கவில்லை. அமெரிக்க மக்களுக்குங்கூட இச்செய்தி மறைக்கப்பட்டது. 1974ஆம் ஆண்டிலேயே செனற் குழுவொன்றின் முன்னிலையில் உண்மை முழுமையாக வெளிவந்தது. இதன் பின்னரே, சூழலை யுத்த ஆயுதமாக மாற்றுவதைத் தடைசெய்யும் சர்வதேச உடன்படிக்கை 1976இல் ஐக்கிய நாடுகள் சபையில் ஏற்கப்பட்டு, 1978இல் நடைமுறைக்கு வந்தது. ஆயின் அவ்வுடன்படிக்கை பகைநோக்குடைய பிரயோகத்தையே தடுக்கின்றது. சமாதான நோக்கம் என்று பெயர் சூட்டிக்கொண்டு வருபவனை அது தடுப்பதில்லை.

மூன்றாவது சாட்சி ஓர் அறிக்கை. 1965ஆம் ஆண்டு ஜனாதிபதி ஜோன்சனின் விஞ்ஞான ஆலோசகர்கள், காபனீரொட்சைட்டுப் பெருக்கம் புவியின் காலநிலையை மாற்றிவிடும் என எச்சரித்தனர். எச்சரிக்கை மிகச் சரியானது. அவர்கள் காட்டிய பரிகாரமோ, ஒளியைத் தெறிக்கச் செய்யும் துகள்களைக் கடற்பரப்பின்மீது பரப்பலாம் என்பது. நிலக்கரியையும் எண்ணெயையும் எரிப்பதைக் குறைக்கலாம் என்னும் யோசனை அவர்களின் பரிகாரத்தில் இடம்பெறவில்லை. கம்பனிகளின் இலாபத்தைத் தொடுவதிலும் சமுத்திரத்தின் நிறத்தை மாற்றுவது எளிதெனத் தோன்றிய காலம் அது. அக்காலம் முடிந்துவிட்டதென்று எவரேனும் கூறத் துணிவரோ?

நமது தரப்பையும் நாம் விசாரியாது விடலாகாது. இயற்கையை வெல்வோம் என்ற முழக்கம் முதலாளித்துவத்தின் தனியுடைமையாக இருந்ததில்லை. சோவியத் திட்டகாரர்கள் பருத்திக்காக ஆமு தார்யா, சிர் தார்யா ஆறுகளைத் திருப்பினர். 1960களிலிருந்து ஆரல் கடல் வற்றிற்று. மீன்பிடித் துறைமுகங்கள் உப்புப் பாலையின் நடுவே நின்றன. உழைக்கும் மக்களின் பெயரால் நடந்ததெனினும், அம்மக்களின் குரல் கேட்கப்படாத திட்டத்தின் முடிவு அதுவே.

உலகம் எரிகின்றபோது வரலாறு பேசிப் பயனென்ன என்று சிலர் கேட்கின்றனர். கேள்வி நியாயமானதே, விடையும் வரலாற்றிலேயே உண்டு. 1991இல் பிலிப்பைன்ஸ் நாட்டின் பினற்றுபோ எரிமலை வெடித்தபோது புவியின் சராசரி வெப்பநிலை ஏறத்தாழ அரைப் பாகை குறைந்தது உண்மை. ஆனால் ஓரிரு ஆண்டுகளில் அத்துகள்கள் வீழ்ந்தன, குளிர்ச்சியும் மறைந்தது. காபனீரொட்சைட்டோ நூற்றாண்டுகளாக நிலைத்திருக்கின்றது. ஆகவே, எரிப்பதை நிறுத்தாது துகள்களைத் தூவத் தொடங்குவோர் தலைமுறை தலைமுறையாக இடையறாது தூவவேண்டும். இடையில் நின்றால், அடக்கிவைத்த வெப்பம் சில ஆண்டுகளிலேயே திரும்பிப் பாயும். யுத்தமும் ஆட்சிமாற்றமும் பொருளாதார வீழ்ச்சியுமின்றி இருநூறு ஆண்டுகள் கடமையைத் தவறாது செய்த ஓர் அரசையேனும் வரலாற்றிலே காட்டட்டும். பின்னர் நாம் பேசுவோம்.

விஞ்ஞானத்துக்கு நாம் பகைவரல்லர். அதனை ஒருசிலரின் ஏவலாக்குவதற்கே பகைவர். 2021இல் சுவீடனின் வடபகுதியில் ஹாவாட் பல்கலைக்கழகத்தினர் நடத்த எண்ணிய பலூன் ஒத்திகையைச் சாமி ஆதிக்குடிகள் எதிர்த்தமையால் அது கைவிடப்பட்டது. 2022இல் மெக்சிக்கோவில் ஒரு சிறு கம்பனி எவரையும் கேளாது கந்தகப் பலூன்களைப் பறக்கவிட, மறு ஆண்டு தொடக்கத்திலேயே அவ்வரசு அத்தகைய பரிசோதனைகளுக்குத் தடை அறிவித்தது. இவர்கள் விஞ்ஞானத்தை அறியாதோர் அல்லர். துகளின் அளவு யாதென்று மாத்திரம் கேட்போரிடம், கட்டளையிடும் கை யாருடையது, மழை பொய்த்தால் பட்டினி கிடக்கும் வயிறு யாருடையது என்று கேட்டவர்கள்.

ஆசிரியர்களும் மாணவர்களும் வகுப்பறைகளிலே எழுப்பவேண்டிய வினாவும் இதுவே. வானம் எவனுடைய ஆய்வுகூடமுமன்று. அது பருவமழையை நம்பி ஏர் பிடிப்போரின் பொதுச்சொத்து.