பழைய கன்டெய்னர் லாரிக்குப் புது உருவம் கொடுத்தால் டீசல் மிச்சமாகுமா? நாமக்கல் பட்டறைகளுக்கு ஒரு காற்றுக் கணக்கு

நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோடு வட்டாரத்தில் எந்தப் பக்கம் போனாலும் லாரி பாடி கட்டும் பட்டறைகள் கண்ணில் படும். ஒரு பக்கம் புது சேஸிஸ் நிற்கும். இன்னொரு பக்கம், பத்து வருடம் ஓடிக் களைத்த மூடிய கன்டெய்னர் பாடி வெல்டிங்குக்குக் காத்திருக்கும். திருப்பூர் பனியன் பெட்டிகளையும் கோவை மோட்டார், பம்ப்செட்டுகளையும் சுமந்து தேய்ந்துபோன வண்டிகள் இவை.

இப்படி வண்டியைப் பட்டறையில் விடும்போது பொதுவாகப் பேசப்படுவது மூன்று விஷயம்தான். ஒழுகக் கூடாது, கதவு சரியாகப் பூட்டணும், பெயின்ட் பளிச்சுனு இருக்கணும். டீசல் லிட்டர் 90 ரூபாயைத் தாண்டி நிற்கும் நிலையில், நான்காவதாக ஒரு கேள்வியும் கேட்டாக வேண்டும்: இந்தப் பெட்டி காற்றை எப்படிக் கிழித்துக்கொண்டு போகிறது?

காற்று எவ்வளவு டீசல் குடிக்கிறது?

ஓடும் லாரியை இரண்டு விஷயங்கள் பின்னால் இழுக்கின்றன. ஒன்று, எடையால் டயரில் ஏற்படும் உருளல் தடை. இன்னொன்று, முன்னால் வந்து மோதும் காற்று. டயர் தடை வேகத்தைப் பொறுத்துப் பெரிதாக மாறாது. காற்றுத் தடை அப்படியில்லை, வேகத்தின் வர்க்கத்தில் ஏறும். 40 கி.மீ. வேகத்தில் இருப்பதைவிட 60-ல் அது 2.25 மடங்கு. 80-ல் 4 மடங்கு.

மூடிய கன்டெய்னர் வண்டியின் முகப்பு சுமார் 10 சதுர மீட்டர். மொத்தம் 35 டன் எடையுடன் சமதளச் சாலையில் 60 கி.மீ. வேகத்தில் போனால், இழுக்கும் சக்தியில் தோராயமாக மூன்றில் ஒரு பங்கு காற்றுக்கே போகிறது. அதே வண்டி பனியன் போல எடை குறைந்த, இடத்தை அடைக்கும் சரக்கை ஏற்றி மொத்தம் 16 டன்னில் போனால் ஏறக்குறைய பாதி காற்றுக்குப் போகிறது.

அதாவது, சிமென்ட் ஏற்றும் லாரிக்கு உருவம் அவ்வளவு முக்கியமில்லை. துணி ஏற்றும் லாரிக்கு அது ரொம்ப முக்கியம்.

'நம்ம ஊர்ல லாரி மெதுவாத்தானே போகுது?'

நியாயமான கேள்வி. மத்திய அரசு 2018-ல் அறிவித்தபடி, நான்குவழிச் சாலையில் சரக்கு வாகனத்துக்கு உச்சவேகம் 80 கி.மீ. லாரிகளின் எரிபொருள் சிக்கனத்துக்காக 2017-ல் வந்த விதிமுறையும் 40, 60 கி.மீ. ஆகிய சீரான வேகங்களில்தான் சோதிக்கச் சொல்கிறது. அமெரிக்காவில் இத்தகைய கருவிகளின் மிச்சக் கணக்கு மணிக்கு 65 மைல், அதாவது 104 கி.மீ. வேகத்தை வைத்துச் சொல்லப்படுகிறது. அந்த ஊர் விளம்பரத்தில் வரும் சதவீதத்தை அப்படியே நம்ம ஊர் லாரிக்குப் பொருத்திப் பார்த்தால் ஏமாற்றம்தான் மிஞ்சும்.

ஆனால் கொங்கு மண்டலத்துக்கு ஒரு தனி விஷயம் உண்டு: பாலக்காட்டுக் கணவாய். தென்மேற்குப் பருவக்காற்று இந்த இடைவெளி வழியாகத்தான் கோவைப் பக்கம் பாய்கிறது. பல்லடம், உடுமலை பகுதியில் காற்றாலைகள் வரிசைகட்டி நிற்பதற்குக் காரணமே அதுதான். இந்த மாதங்களில் வாளையார் நோக்கி 60 கி.மீ. வேகத்தில் போகும் லாரிக்கு எதிரே 30 கி.மீ. வேகத்தில் காற்று அடித்தால், வண்டியைப் பொறுத்தவரை அது 90 கி.மீ. காற்று. தடை 2.25 மடங்காகிவிடும். ஸ்பீடோமீட்டர் 60-லேயே நிற்கும், டீசல் முள் மட்டும் வேகமாக இறங்கும்.

தெற்கே திரும்பி தாராபுரம் வழியாகத் தூத்துக்குடி துறைமுகத்துக்குப் போகும் வண்டிக்கு அதே காற்று பக்கவாட்டில் அடிக்கும். கேபினுக்கும் பெட்டிக்கும் நடுவில் உள்ள சந்திலும், சேஸிஸுக்கு அடியிலும் காற்று புகுந்து சுழன்று வண்டியைப் பிடித்து இழுக்கும்.

சைக்கிளில் போனவர் கண்டுபிடித்தது

1970-களின் தொடக்கத்தில் நாசாவின் டிரைடன் ஆய்வு மையத்தில் எட்வின் சால்ட்ஸ்மேன் என்ற பொறியாளர் வேலை பார்த்தார். சைக்கிளில் போகும்போது பெரிய லாரிகள் கடந்தால் காற்று முதலில் அவரைத் தள்ளியது, பிறகு உள்ளே இழுத்தது. அந்த அனுபவம் ஆய்வாக மாறியது. ஒரு வேனைச் சுற்றி அலுமினியத் தகடு அடித்து, கூர்முனைகள் கொண்ட செருப்புப் பெட்டி மாதிரி ஆக்கினார்கள். பிறகு ஒவ்வொரு முனையாக வளைத்துச் சோதித்தார்கள்.

நின்றவாக்கில் உள்ள முனைகளை மட்டும் வளைத்ததில் காற்றுத் தடை 40 சதவீதம் குறைந்தது. உள்ளே இழந்த இடம் வெறும் 1.3 சதவீதம். படுக்கைவாக்கு முனைகளையும் வளைத்தபோது தடை 54 சதவீதம் குறைந்தது, இழந்த இடம் 3 சதவீதம்.

அது கேபின் தனியாக இல்லாத வேன். அதனால் லாரியில் இதே அளவு கிடைக்காது. ஆனால் பாடம் ஒன்றுதான்: பெட்டியின் முன்முனை கூர்மையாக இருக்கக் கூடாது. தகட்டை வளைப்பது நாமக்கல் பட்டறைக்குப் புதுசா என்ன?

முதலில் ரிப்பேர், அப்புறம்தான் உருவம்

துருப்பிடித்த பெட்டிக்கு மேலே வளைந்த தகடு அடிப்பது வீண்செலவு. வேலையை இந்த வரிசையில் செய்வது நல்லது.

1. பகலில் ஒருவர் உள்ளே நிற்க, வெளியே இன்னொருவர் கதவைச் சாத்த வேண்டும். உள்ளே எங்கெல்லாம் வெளிச்சப் புள்ளி தெரிகிறதோ அங்கெல்லாம் மழை ஒழுகும். ஏற்றுமதித் துணியில் ஒரு பெட்டி நனைந்தாலும் நஷ்டம் உரிமையாளர் தலையில் விழலாம்.

2. தளத்துக்கு அடியில் உள்ள குறுக்குச் சட்டங்கள், கதவின் கீழ்ச் சட்டம், ரப்பர் பீடிங் மூன்றையும் பார்க்க வேண்டும். முதலில் துரு ஏறுவது அங்கேதான்.

3. தகடு மாற்றும்போது முன்முனைகளை வளைத்துவிடலாம். பக்கத் தகடு எவ்வளவு வழவழப்பாக இருக்கிறதோ அவ்வளவு நல்லது.

4. பெட்டி கேபினைவிட உயரம் என்றால், கேபின் மேல் காற்றுத் தடுப்பு பொருத்தலாம். அதன் சரிவு பெட்டியின் மேல்முனையோடு சேர வேண்டும். காலி ட்ரெய்லராக ஓடும் நாட்கள் அதிகம் என்றால் இதே தடுப்பு தடையைக் கூட்டிவிடும்.

5. சக்கரங்களுக்கு நடுவே பக்கவாட்டுப் பாதுகாப்புத் தடுப்பு ஏற்கெனவே விதியில் உள்ளது. வெறும் குழாய்களாக விடாமல் அதைத் தட்டையான பலகை போல அமைத்தால், இரு சக்கர வாகனங்களுக்கும் பாதுகாப்பு, அடியில் புகும் காற்றுக்கும் தடை.

எல்லாவற்றிலும் எடை மீது ஒரு கண் இருக்க வேண்டும். அலுமினியத்தின் அடர்த்தி இரும்பில் மூன்றில் ஒரு பங்குதான். காற்றில் மிச்சம் பிடிக்கிறேன் என்று இரும்பைக் கூட்டினால் டயர் பக்கம் போய்விடும், சரக்கு ஏற்றும் அளவும் குறையும்.

இன்னொரு எச்சரிக்கை: கப்பலில் வந்து போகும் கன்டெய்னரில் கை வைக்கக் கூடாது. அது லாரி உரிமையாளரின் சொத்து அல்ல. இந்த வேலையெல்லாம் சேஸிஸோடு நிலையாகக் கட்டிய பாடிக்குத்தான்.

சட்டம் என்ன சொல்கிறது?

பழுதுபார்ப்பது வேறு, மாற்றி அமைப்பது வேறு. ஆர்.சி. புத்தகத்தில் உள்ள விவரம் மாறும்படி வண்டியை மாற்றுவதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு கட்டுப்படுத்துகிறது. 2019 திருத்தத்துக்குப் பிறகு, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதமோ, 6 மாதம் வரை சிறையோ, இரண்டுமோ கிடைக்கலாம். வண்டியின் அகலம், உயரம், பின்பக்கம் எவ்வளவு நீளலாம் என்பதற்கெல்லாம் வரம்பு உண்டு. அதனால் வெளிநாட்டு வீடியோவில் பார்த்த வால் போன்ற அமைப்பைப் பின்கதவில் மாட்டினால் எஃப்.சி.யில் சிக்கல் வரலாம். 8 வருடம் தாண்டிய வண்டிக்கு எஃப்.சி. ஆண்டுதோறும் எடுக்க வேண்டியது.

லாரி பாடி கட்டுவதற்கே ஏ.ஐ.எஸ்-093 என்ற தரநிலை இருக்கிறது. ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேட்டுவிட்டுத் தகட்டை வெட்டுவதுதான் புத்திசாலித்தனம்.

கையில் எவ்வளவு நிற்கும்?

ஒரு உதாரணக் கணக்கு. மாதம் 10,000 கி.மீ. ஓட்டம், லிட்டருக்கு 4 கி.மீ. மைலேஜ். 2,500 லிட்டர் செலவாகும். 90 ரூபாய் வீதம் 2,25,000 ரூபாய். இதில் 3 சதவீதம் குறைந்தால் மாதம் 6,750 ரூபாய், வருடம் 81,000 ரூபாய். பட்டறை சொல்லும் கூடுதல் செலவு 40,000 என்றால் ஆறு மாதத்தில் போட்ட காசு திரும்பிவிடும். மிச்சம் 1 சதவீதம்தான் என்றால் ஒன்றரை வருடம் ஆகும்.

எது உண்மை என்று தெரிந்துகொள்ள வழி எளிது. வேலைக்கு முன்பும் பின்பும் அதே பாதை, அதே டிரைவர், ஏறக்குறைய அதே லோடு, அதே டயர் பிரஷர். டேங்க் நிரப்பிப் புறப்பட்டு, திரும்பி வந்து மறுபடி நிரப்பி, ஊற்றிய டீசலை எழுதி வைக்க வேண்டும். ஒரு ட்ரிப் போதாது, நான்கைந்து ட்ரிப் பார்க்கணும்.

ஒன்றிரண்டு லாரி வைத்திருப்பவருக்கு வாடகை தன் கையில் இல்லை, டீசல் விலையும் டோல் கட்டணமும் தன் கையில் இல்லை. வண்டி எப்படியும் பட்டறைக்குப் போகும் நாளில், அதன் முன்முனையை எப்படி மடிக்கச் சொல்வது என்பது மட்டும் அவர் கையில் இருக்கிறது.