ஆள் நிற்பதில்லை என்று அலுத்துக்கொள்பவர்களுக்கு

நம் சங்கக் கூட்டங்களில் தவறாமல் காதில் விழும் குறை ஒன்று உண்டு. "பையனைச் சேர்த்து, தராசு பிடிக்கவும் சரக்கின் தரம் பார்க்கவும் கற்றுக் கொடுக்கிறோம். இரண்டு வருடத்தில் கூடுதல் சம்பளத்துக்கு எதிர்க்கடைக்குப் போய்விடுகிறான். இனி யாருக்கும் எதையும் கற்றுக் கொடுப்பதாக இல்லை" என்பதே அது. குறை நியாயமானதுதான். அதிலிருந்து எடுக்கும் முடிவு சரியா என்பதில்தான் நமக்கு நெடுநாளாகச் சந்தேகம். அதற்கு நாம் காட்டப் போகும் உதாரணம் ஒரு கடை அல்ல. இங்கிலாந்தில் உள்ள ஒரு சிறிய கால்பந்து கிளப்.

நம் ஜவுளி வணிகர்களுக்கு லங்காஷயர் என்ற பெயர் புதிதல்ல. மான்செஸ்டருக்கு வடக்கே அந்த வட்டாரத்தில் உள்ள பழைய பஞ்சாலை ஊர் ஆக்ரிங்டன். மக்கள்தொகை சுமார் 35 ஆயிரம். ஊர் கிளப்பின் பெயர் ஆக்ரிங்டன் ஸ்டான்லி. முதலில் இருந்த கிளப் 1962 மார்ச்சில் கடன் தாங்காமல் லீக்கை விட்டு விலகியது. கடிதம் கொடுத்த பிறகு மனம் மாறித் திரும்பப் பெற முயன்றும் லீக் ஏற்கவில்லை. அந்தக் கடனுக்குள் ஒரு கொள்முதல் கதை இருக்கிறது. 1958இல் தெற்கே ஆல்டர்ஷாட்டில் ராணுவக் காட்சி நடந்த மைதானத்தின் பார்வையாளர் மாடத்தை 1,450 பவுண்டுக்கு மலிவாக வாங்கினார்கள். பிரித்துக் கொண்டு வந்து மறுபடி நிறுத்திய செலவு அதைப் போலப் பல மடங்கு ஆகிவிட்டது. லாரி வாடகையையும் ஏற்றுகூலி இறக்குகூலியையும் பார்க்காமல் விலையை மட்டும் பார்த்துச் சரக்கெடுத்த அனுபவம் நம்மில் யாருக்குத்தான் இல்லை?

1968இல் அதே பெயரில் புதிய கிளப் தொடங்கியது. 1999இல் லிவர்பூல்காரரான ஜான் கோல்மன் அதன் மேலாளராக வந்தபோது, அது ஏழாம் அடுக்கில் ஆடிக்கொண்டிருந்தது. பள்ளி ஆசிரியராக வேலை பார்த்தவர் அவர். துணைக்கு ஜிம்மி பெல் என்பவர். பெரிய கிளப்புகள் வேண்டாம் என்று அனுப்பியவர்கள், கீழ் மட்டத்தில் ஆடியவர்கள் ஆகியோரைத் தேடிப் பிடித்துச் சேர்த்தார்கள். 2000, 2003, 2006 ஆகிய ஆண்டுகளில் மூன்று முறை சாம்பியன் ஆகி நான்காம் அடுக்கை, அதாவது பழைய கிளப் விட்டுப்போன லீக்கையே அடைந்தார்கள். 1962இல் இவர்கள் இடத்தைப் பிடித்தது ஆக்ஸ்போர்டு யுனைடெட். 2006இல் இவர்கள் உள்ளே வர, வெளியே போனதும் அதே ஆக்ஸ்போர்டுதான்!

இந்த ஏற்றத்துக்குப் பணம் எங்கிருந்து வந்தது என்பதுதான் நமக்கு முக்கியம். கோல்மன் வருவதற்கு முன்பே, 1997இல், பிரெட் ஆர்மரோட் என்ற இளைஞரை பிளாக்பூல் கிளப்புக்கு விற்றிருந்தார்கள். விற்கும்போதே, பின்னால் அவரை வேறு யாருக்காவது விற்றால் ஒரு பங்கு தங்களுக்கு வர வேண்டும் என்று எழுதி வாங்கிக்கொண்டார்கள். 2001இல் சவுத்தாம்ப்டன் அவரைப் பெருந்தொகைக்கு வாங்கியது. அந்தப் பங்கில் வந்த பணம்தான் அடுத்த ஏற்றத்துக்கு முதலாயிற்று.

நம் தொழிலில் அப்படி எழுதி வாங்க வழியில்லை. ஆனால் மொத்த வியாபாரிகள் தங்கள் பேரேட்டைப் புரட்டிப் பார்க்கட்டும். நாணயமாகச் சரக்கெடுக்கும் சில்லறைக் கடைக்காரர்களில் எத்தனை பேர் ஒரு காலத்தில் அதே மண்டியில் மூட்டை தைத்த பையன்கள்? முகம் கோணாமல் அனுப்பியவருக்குத்தான் அந்த ஆர்டர் வருகிறது.

கோல்மன் 2012இல் வேறு கிளப்புக்குப் போய், 2014இல் திரும்பி வந்தார். 2016இல் கடைசி நாள் ஆட்டத்தில் கோல் வித்தியாசத்தில் ஏற்றம் தவறியது. அந்தக் கோடையிலேயே அவர் வளர்த்த விண்டாஸ், குரூக்ஸ் இருவரும் ஸ்காட்லாந்தின் ரேஞ்சர்ஸ் கிளப்புக்குப் போய்விட்டார்கள். அவரோ மறுபடி புது ஆட்களுக்குக் கற்றுக் கொடுக்க உட்கார்ந்தார். இரண்டே வருடத்தில், 2018 ஏப்ரலில், நான்காம் அடுக்கின் சாம்பியன். அடுத்த ஐந்து பருவங்கள், ஐயாயிரம் பேர் கொள்ளும் மைதானத்தை வைத்துக்கொண்டு, மூன்றாம் அடுக்கில் சண்டர்லாண்டு, போர்ட்ஸ்மவுத் போன்ற பெரிய கிளப்புகளோடு ஆடினார்கள்.

மேலாளரின் சிக்கனம் மட்டும் போதும் என்றும் நாம் சொல்ல வரவில்லை. 2009இல் வரிப் பாக்கிக்காக இதே கிளப்பை மூடும் நிலை வந்தது. மைதானத்தில் கோல்மன் பார்த்துப் பார்த்துச் செலவழிக்க, அலுவலகத்தில் பாக்கி ஏறிக்கொண்டிருந்திருக்கிறது! ரசிகர்கள் வாளி ஏந்தி வசூலித்தும், வெளியிலிருந்து ஒருவர் பணம் போட்டும்தான் தப்பியது. 2015இல் கிளப்பை வாங்கிய ஆண்டி ஹோல்ட், பிளாஸ்டிக் வீட்டுச் சாமான்கள் தயாரிக்கும் தொழிலதிபர். கணக்கு ஒழுங்கானது அவர் வந்த பிறகுதான் என்பது நம் கருத்து.

2023இல் கிளப் மீண்டும் நான்காம் அடுக்குக்கு இறங்கியது. 2024 மார்ச்சில் அதே முதலாளி கோல்மனையும் ஜிம்மி பெல்லையும் வேலையிலிருந்து அனுப்பினார். முதலாளிக்கு அவர் கணக்கு இருக்கும். இருந்தாலும், ஏழாம் அடுக்கிலிருந்து மூன்றாம் அடுக்குக்குத் தூக்கி வந்த மனிதரைப் பருவம் முடியும் வரையாவது வைத்திருக்கலாம் என்றே நமக்குத் தோன்றுகிறது.