கணினிக் கணக்குக்கு விதி எழுதுவது யார்?

முன்பெல்லாம் நம் கடைகளில் கணக்கப்பிள்ளை ஒருவர் இருப்பார். இரவு கடை கட்டிய பிறகு, அன்றைய பற்று வரவுகளை ஒவ்வொரு பார்ட்டியின் பேரேட்டுப் பக்கத்திலும் ஏற்றுவார். இன்று கணினியில் பில் போட்டதும் சரக்கு, வரி, பார்ட்டி பாக்கி எல்லாம் தாமாகவே அந்தந்தக் கணக்கில் ஏறிவிடுகின்றன. தாமாகவே என்று சொல்கிறோமே தவிர, யாரோ முன்கூட்டி எழுதிவைத்த விதிப்படிதான் அவை ஏறுகின்றன. அந்த யாரோ, பெரும்பாலும் மென்பொருள் போட்டுக் கொடுத்த பையன். அரிசி வியாபாரம் அவனுக்கு என்ன தெரியும்?

அரிசியையே எடுத்துக்கொள்வோம். 2022 ஜூலை 18 முதல், பொதி செய்து லேபிள் ஒட்டிய அரிசிக்கு 25 கிலோ வரை 5 சதவீத ஜி.எஸ்.டி. அதற்கு மேல் வரியில்லை. 26 கிலோ மூட்டை வந்த கதை இதுதான். மூட்டையை அவிழ்த்துச் சில்லறையாக நிறுத்துக் கொடுத்தாலும் வரியில்லை. ஒரே பொன்னி அரிசி மூன்று விதமாக விலை போகிறது. கணினியில் 'அரிசி' என்று ஒரே தலைப்பிட்டு 5 சதவீதம் என்று குறித்தால் வரியில்லாத விற்பனைக்கும் வரி ஏறும். வரியில்லை என்று குறித்தால் பின்னால் கைப்பணத்திலிருந்து கட்ட நேரும். கணக்கப்பிள்ளை தவறினால் ஒரு பில் தவறும். விதி தவறினால் வருடம் முழுக்க அத்தனை பில்லும் தவறும்.

மாமல்லபுரம், கோவளம் விடுதிகளுக்குக் கடனில் சரக்கு போடுகிறவர்களுக்கு வேறொரு தொல்லை. நாட்டிய விழாக் காலத்தில் சரக்கு தினமும் போகும், பணம் பின்னால் மொத்தமாக வரும். எங்கள் கணினியில் 'வந்த பணத்தைப் பழைய பில்லில் கழி' என்றொரு விதி இருந்ததே எனக்குத் தெரியாது. ஒழுகிய எண்ணெய் டின்களுக்காக ஒரு விடுதி நிறுத்திவைத்திருந்த பழைய பில்லை அது தீர்த்துவிட்டு, அவர்கள் பணம் கொடுத்து முடித்த பில்லைப் பாக்கி என்று காட்டியது. கூட்டுத்தொகை சரியாகவே இருந்ததால் எங்களுக்குச் சந்தேகமே வரவில்லை. கொடுத்த பணத்தையே மறுபடி கேட்டு நின்றபோதுதான் தெரிந்தது. டின் விவகாரத்தைப் பேசித் தீர்க்கவேண்டிய நேரமும் கடந்துவிட்டிருந்தது.

நாம் வாங்கும் பக்கத்தில் இது மானப் பிரச்சினையோடு நிற்பதில்லை. பில் தேதியிலிருந்து 180 நாளுக்குள் மொத்த வியாபாரிக்குப் பணம் தராவிட்டால், எடுத்த உள்ளீட்டு வரியை வட்டியோடு திருப்பவேண்டும் என்பது ஜி.எஸ்.டி. சட்டம். எந்தப் பணம் எந்த பில்லுக்கு என்பது பேரேட்டில் இல்லையேல் 180 நாளை எங்கிருந்து எண்ணுவது?

மென்பொருளே வேண்டாம் என்று நான் சொல்ல வரவில்லை. பழைய சிவப்புத் துணி அட்டை நோட்டுக்கு இனி நம்மில் யாரும் திரும்பப் போவதில்லை. எந்தச் சரக்குக்கு எந்த வரி, வந்த பணம் எந்த பில்லில் கழியும், திரும்பிய சரக்கு எந்தக் கணக்கில் ஏறும் என்பதை ஒரு தாளில் தமிழில் எழுதி வாங்கிவிடுங்கள். மாதக் கடைசியில் பார்ட்டிவாரிப் பாக்கிகளின் கூட்டுத்தொகையைப் பொதுப் பேரேட்டோடு ஒத்துப்பார்ப்பது மட்டும் போதாது. பில் வாரியான கணக்கைப் பார்ட்டிக்கே அனுப்பிச் சரிபார்க்கச் சொல்லவேண்டும். நம் சங்கமும் செங்கல்பட்டில் ஒரு பிற்பகல் ஆடிட்டர் ஒருவரை வரவழைத்து, உறுப்பினர்களின் விதித் தாள்களைப் பார்க்கச் செய்யலாம். தாளை மட்டும் ஆண்டுச் சந்தா கட்டுவதற்கு முன்பே கேட்டு வாங்குங்கள். கட்டிய பிறகு அந்தப் பையன் போனை எடுக்கமாட்டான்.