ரிசார்ட் அறை இலவசம் என்றால் பில் எதற்கு?

கொடைக்கானலிலோ மூணாறிலோ ஆண்டுக்கு ஏழு இரவு தங்கலாம்; 25 ஆண்டுகளுக்கு அறை வாடகையே கிடையாது. டைம்ஷேர் மெம்பர்ஷிப்பை இப்படிச் சொல்லித்தான் விற்கிறார்கள். மதுரையில் வரி ஆலோசகராக இருக்கும் என்னிடம் ஒவ்வொரு நிதியாண்டு முடிவிலும் இதற்கான ரசீதுகளோடு சிலர் வருகிறார்கள். பெரும்பாலும் ஓய்வுபெற்ற ஆசிரியர்கள், வங்கி ஊழியர்கள். “இதுக்கு இன்கம்டாக்ஸ்ல ஏதாவது கழிவு உண்டா சார்?” என்று கேட்பார்கள். கிடையாது.

அவர்களில் ஒருவர் தபால் துறையில் இருந்து ஓய்வு பெற்றவர். மனைவியோடு மலைக்குப் போய்த் தங்கிவிட்டு வந்தவர், கிளம்பும்போது கையில் கொடுத்த பில்லை என் மேசையில் விரித்தார். மின்சாரத்துக்கும் தண்ணீருக்கும் என்று இரவுக் கணக்கில் ஒரு கட்டணம், அதற்கு ஜி.எஸ்.டி. சாப்பாட்டுக்குத் தனி பில், அதற்கும் ஜி.எஸ்.டி. “ரூமு சும்மான்னுதானே சொன்னாங்க?” என்றார் அந்த அம்மா. மெம்பர்ஷிப் ஒப்பந்தத்தை எடுத்துப் பார்த்தேன். எல்லாம் இருந்தது, பின்பக்கங்களில், பொடி எழுத்தில், ஆங்கிலத்தில்.

ஒரு மாதிரிக் கணக்குப் போடுவோம். மெம்பர்ஷிப் விலை 4 லட்சம். அதற்கு 18 சதவீத ஜி.எஸ்.டி. 72,000. இரண்டையும் 25 ஆண்டுகளுக்குப் பிரித்தால் ஆண்டுக்கு 18,880 ரூபாய். ஏ.எம்.சி. எனப்படும் ஆண்டுப் பராமரிப்புக் கட்டணம் 20,000 என்றால் வரியோடு 23,600. ஆக மொத்தம் 42,480. ஏழு இரவால் வகுத்தால் ஓர் இரவுக்கு ஏறத்தாழ 6,070 ரூபாய். 4 லட்சத்தை வைப்பு நிதியில் போட்டிருந்தால் வந்திருக்கும் வட்டியை நான் சேர்க்கவில்லை. ஏ.எம்.சி. ஏறிக்கொண்டே போவதையும் சேர்க்கவில்லை. முழங்கால் வலியால் அந்த ஆண்டு மலையேற முடியாமல் போனாலும் ஏ.எம்.சி.யும் அதன் வரியும் கட்டியே ஆக வேண்டும். பாக்கி வைத்தால் அடுத்த முறை அறை கிடைக்காது.

அரசு வரி போடுவதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் இந்த வரி எப்படி வளர்ந்தது என்று பாருங்கள். 2015 தொடக்கத்தில் சேவை வரி 12.36 சதவீதம். அந்த ஆண்டு ஜூனில் 14. அடுத்த ஆண்டு ஜூனில் 15. 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்ததும் 18. கால் நூற்றாண்டுக்குக் கையெழுத்துப் போட்டவர், அவ்வப்போது என்ன விகிதமோ அதைக் கட்டுவதாகவும் சேர்த்தே கையெழுத்துப் போட்டிருக்கிறார். இதை எந்த விற்பனையாளரும் வாய்விட்டுச் சொல்லி நான் கேள்விப்பட்டதில்லை.

2025 செப்டம்பர் 22 முதல் நாள் வாடகை 7,500 ரூபாய் வரையுள்ள ஓட்டல் அறைகளுக்கு ஜி.எஸ்.டி. 12-இல் இருந்து 5 சதவீதமாகக் குறைந்தது. நல்ல முடிவு. நேரடியாகப் போய் 6,000 ரூபாய்க்கு அறை எடுப்பவர் 300 ரூபாய் வரி கட்டுகிறார். அதே மலையில், அதே தரத்து அறைக்காக ஏ.எம்.சி. கட்டும் மெம்பரோ 18 சதவீதத்திலேயே நிற்கிறார். 5 சதவீதம் வசூலிக்கும் ஓட்டலுக்கு உள்ளீட்டு வரி வரவு, அதாவது தான் வாங்கியவற்றுக்குக் கட்டிய வரியைக் கழித்துக்கொள்ளும் வசதி, கிடையாது; 18 வசூலிக்கும் நிறுவனத்துக்கு உண்டு என்று இதற்குச் சமாதானம் சொல்வார்கள். சரிதான். ஆனால் அந்த வரவின் பலன் மெம்பரின் பில்லில் தெரிய வேண்டாமா? நான் பார்த்த எந்த பில்லிலும் தெரியவில்லை. ஜி.எஸ்.டி. கவுன்சில் இந்த வேறுபாட்டை எடுத்துப் பேச வேண்டும்.

அதைவிட அவசரமானது, விற்கும் இடத்தில் ஒழுங்கு. மாலில் கூப்பன் எழுதி வாங்கி, பரிசு விழுந்ததாக அழைத்து, கணவன் மனைவி இருவரும் கட்டாயம் வர வேண்டும் என்று சொல்லி, அன்று மாலையே கையெழுத்தும் முன்பணமும் வாங்கிவிடுகிறார்கள். ஐரோப்பிய ஒன்றியத்தின் 2008-ஆம் ஆண்டு நெறிமுறைப்படி டைம்ஷேர் வாங்கியவர் 14 நாளுக்குள் காரணமே சொல்லாமல் விலகிக்கொள்ளலாம். அந்த 14 நாளில் அவரிடம் ஒரு பைசா வாங்கக் கூடாது. கூடுதல் செலவுகள் உட்பட எல்லா விவரத்தையும் அவர் மொழியிலேயே முன்கூட்டித் தர வேண்டும். இங்கே டைம்ஷேருக்கென்று தனிச் சட்டமே இல்லை. மறைத்து மறைத்து விலை கூட்டுவதற்கு எதிராக மத்திய அரசு 2023 நவம்பரில் கொண்டுவந்த வழிகாட்டுதல்கள் இணையத் திரைகளை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. ஓட்டல் கூடத்தில் நடக்கும் இந்த விற்பனைக்கும் அப்படியொரு விதி வேண்டும். வரி, ஏ.எம்.சி., அங்கே போனபின் கட்ட வேண்டியது எல்லாம் முதல் பக்கத்திலேயே, தமிழில், ரூபாய்க் கணக்கில் இருக்க வேண்டும். விலகிக்கொள்ள 14 நாள் வேண்டும்.

அதுவரை, அழைப்பு வந்தால் ஒப்பந்த நகலை வீட்டுக்குக் கேட்டு வாங்கிப் படியுங்கள். தர மறுத்தால் கையெழுத்துப் போடாதீர்கள். ஏற்கெனவே வாங்கி ஏமாந்தவர்கள் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பேசலாம். நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்து நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம். கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் அதற்குக் கட்டணம் இல்லை. ஆனால் பிரச்சினை எழுந்த நாளில் இருந்து இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும்.